சிறிய ஊராட்சியின் பணத்தை ஒழுங்குபடுத்துவது எப்படி: கன்னியாகுமரி மாவட்ட கிராம ஊராட்சிகளுக்கான முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒன்பது ஊராட்சி ஒன்றியங்களும் அவற்றுக்குள் 95 கிராம ஊராட்சிகளும் உள்ளன. தெருவிளக்கு எரிவதும், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் தண்ணீர் ஏறுவதும், விளைகளுக்கு நடுவே செல்லும் சிறு சாலை சீராவதும், குப்பை அகற்றப்படுவதும் அந்தந்த ஊராட்சியின் பணத்தை நம்பியே நடக்கின்றன. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, எந்தக் கணக்கில் கிடக்கிறது, யார் கையெழுத்தில் வெளியே செல்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் தயங்காமல் விடை சொல்லக்கூடிய நிலைக்கு ஓர் ஊராட்சியைக் கொண்டுவருவதே இங்கே நிதி மேலாண்மைச் சீர்திருத்தம் எனப்படுகிறது. வார்டு உறுப்பினர், தலைவர் பொறுப்புக்கு வர விரும்புபவர், ஊராட்சி செயலர், கிராம சபையில் எழுந்து கேட்க நினைக்கும் வாக்காளர் ஆகிய நால்வரையும் மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. நம் மாவட்டத்தில் ஏறத்தாழ ஐம்பது பேரூராட்சிகள் இருக்கின்றன. அவற்றின் சட்டமும் கணக்கு முறையும் வேறு என்பதால், பேரூராட்சியில் குடியிருப்பவர்களுக்கு இதன் பொதுவான நெறிகள் பயன்படுமே தவிர, விவரங்கள் அப்படியே பொருந்தா.

சிறிய நிர்வாகங்களின் நிதிச் சிக்கல் உலகெங்கும் ஏறத்தாழ ஒரே தன்மை கொண்டது. பசிபிக் பெருங்கடலில் நியூசிலாந்தின் ஆளுகைக்கு உட்பட்ட டோக்கெலாவ் மூன்று பவளத் தீவுகளால் ஆனது. மக்கள்தொகை ஏறக்குறைய 1,500. விமான நிலையம் கிடையாது. சமோவாவிலிருந்து கப்பலில்தான் போக வேண்டும். அதன் வரவில் பெரும்பகுதி நியூசிலாந்து தரும் மானியமும், தன் கடல் எல்லைக்குள் மீன்பிடிக்க அயல்நாட்டுக் கப்பல்கள் செலுத்தும் உரிமக் கட்டணமுமே ஆகும். இருக்கும் சில அலுவலர்களே வசூலிக்கவும், செலவிடவும், கணக்கெழுதவும் வேண்டியிருக்கிறது. மேலிருந்து வரும் மானியத்தைச் சார்ந்திருத்தல், ஆள் பற்றாக்குறை, புயல் வந்தால் ஒரே இரவில் நிலைகுலையும் வரவு செலவு ஆகிய மூன்றும் நம் ஊராட்சிகளுக்கும் உரியவை. பெரிய அரசுகளுக்காக வகுக்கப்பட்ட சீர்திருத்த முறைகளை இத்தகைய இடங்களில் அப்படியே இறக்கினால் அவை தாளில் மட்டும் நிற்கும். பொது நிதி மேலாண்மையை மதிப்பிட உலக அளவில் பயன்படும் பீஃபா என்னும் சட்டகத்தின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பில் 7 தூண்களும் 31 குறியீடுகளும் உள்ளன. ஒரே ஒரு செயலர் பணிபுரியும் ஊராட்சியில் 31 குறியீடுகளையும் அளந்துகொண்டிருப்பது வீண் வேலை. அவற்றின் சாரத்தை எடுத்துக்கொண்டு, அடிப்படையானதை முதலில் செய்து முடித்த பிறகே அடுத்ததற்குச் செல்வது என்ற வரிசையைக் காப்பாற்றினால் போதும். கீழே வரும் படிகள் அந்த வரிசையில்தான் அமைந்துள்ளன. இரண்டாம் படி முடியாமல் ஆறாம் படிக்குத் தாவ வேண்டாம்.

முதல் படி: எல்லா வங்கிக் கணக்குகளையும் ஒரே தாளில் எழுதுதல்

தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிகள் தமக்கென வெவ்வேறு நோக்கங்களுக்காகத் தனித்தனி வங்கிக் கணக்குகளை வைத்து வந்திருக்கின்றன. முதலாவது, வரிகளும் கட்டணங்களும் மாநில நிதி ஆணையத்தின் மானியமும் சேரும் ஊராட்சிப் பொது நிதிக் கணக்கு. இரண்டாவது, மின்வாரியத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் செலுத்த வேண்டிய கட்டணங்களுக்கென ஒதுக்கப்பட்ட கணக்கு. மூன்றாவது, திட்ட நிதிக் கணக்கு. இவற்றுடன் ஒன்றிய நிதிக்குழு மானியத்துக்கும் பிற திட்டங்களுக்கும் தனியாகத் திறக்கப்பட்டவையும், என்றோ ஒரு திட்டத்துக்காகத் திறந்து பின்னர் மறக்கப்பட்டவையும் இருக்கக்கூடும்.

வங்கியின் பெயர், கிளை, கணக்கு எண், எந்த ஆணையின்படி திறக்கப்பட்டது, இயக்கும் அதிகாரம் யாருக்கு, ஏப்ரல் 1 அன்று இருப்பு எவ்வளவு, கடைசியாகப் பணம் எடுத்த நாள் எது ஆகிய ஏழு விவரங்களையும் ஒவ்வொரு கணக்குக்கும் எழுத வேண்டும். பழைய பாஸ்புக்குகளை மட்டும் நம்பாமல், ஊராட்சியின் பெயரில் உள்ள அனைத்துக் கணக்குகளின் பட்டியலையும் அந்தந்த வங்கிக் கிளையிடமிருந்து எழுத்துமூலம் கேட்டுப் பெறுவது நல்லது. செயலற்றுக் கிடக்கும் கணக்குகளை மன்றத் தீர்மானம் நிறைவேற்றி, வட்டார வளர்ச்சி அலுவலரின் எழுத்துப்பூர்வமான அறிவுரை பெற்று மூட வேண்டும். இந்தப் பட்டியல் முழுமை பெறும் வரை வேறெந்தச் சீர்திருத்தத்தையும் தொடங்குவதில் பொருளில்லை.

இரண்டாம் படி: யாருடைய பணம் என்று பிரித்தல்

கணக்கில் கிடக்கும் பணம் அனைத்தும் ஊராட்சி விருப்பம்போல் செலவிடக்கூடிய பணம் அன்று. அதை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஊராட்சியின் சொந்தப் பணம் முதல் வகை. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் உரிமக் கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம், சந்தைக் குத்தகை, குளங்களின் மீன் பாசிக் குத்தகை, ஊராட்சி நிலத்து மரங்களின் மகசூல் ஏலம் போன்றவை இதில் அடங்கும். மாநில அரசு பகிர்ந்தளிக்கும் முத்திரைத்தாள் தீர்வை மீதான கூடுதல் வரியும், கல் மண் போன்ற கனிமங்களை எடுப்பதற்கான சீனியரேஜ் என்னும் உரிமத் தொகையும் அரசு வழியாக வந்தாலும், அவற்றை இந்த வகையோடு சேர்த்தே பார்க்கலாம்.

நிபந்தனையுடன் வரும் பணம் இரண்டாம் வகை. 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்குரிய பதினைந்தாவது நிதிக்குழு, ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டிப் போட்டது. எஞ்சிய 40 விழுக்காட்டை உள்ளூர்த் தேவைக்கேற்ப மற்றப் பணிகளுக்குச் செலவிடலாம் என்றது. ஆனால் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் பயன்படுத்தக் கூடாது என்றும் வரையறுத்தது. முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கும் அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கும் இணையத்தில் பொதுமக்கள் பார்வைக்கு இருந்தால்தான் மானியம் என்பதையும் அதே குழு நிபந்தனையாக்கியது. கணக்கை நேரத்தில் முடிப்பது ஒழுக்கம் சார்ந்த கடமையாக மட்டுமே இருந்த காலம் போய், அதுவே வரவைத் தீர்மானிக்கும் காரணமும் ஆகிவிட்டது. ஒவ்வொரு நிதிக்குழுக் காலத்திலும் நிபந்தனைகளின் விவரம் மாறலாம் என்பதால், ஒவ்வொரு மானிய ஆணையின் நகலையும் தனிக் கோப்பில் வைத்து, எந்தத் தொகை எதற்கென்று அதன் முதல் பக்கத்திலேயே குறித்துவிட வேண்டும்.

மூன்றாம் வகைதான் பெரும்பாலும் கண்ணில் படாமல் போகிறது. அது பிறருடைய பணம். வீட்டு வரியுடன் ரூபாய்க்கு 10 காசு வீதம் வசூலிக்கப்படும் நூலக வரி ஊராட்சிக்கு உரியதன்று. மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தப்பட வேண்டியது. ஒப்பந்தக்காரரின் பிணைவைப்புத் தொகை, அவருடைய பட்டியலில் (பில்) பிடித்தம் செய்த வருமான வரி, சரக்கு மற்றும் சேவை வரி, தொழிலாளர் நல நிதி ஆகியவையும் அப்படியே. இவை பொதுக் கணக்கில் கலந்து கிடக்கும்போது இருப்பு அதிகமாகத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பிச் செலவிட்டால், திருப்பிக் கொடுக்க வேண்டிய நாளில் கை வெறுமையாக இருக்கும். மாத இறுதியில் இருப்பைச் சொல்லும்போது, இந்த மூன்று வகைகளையும் தனித்தனியாகச் சொல்லும் பழக்கத்தை ஏற்படுத்துவதே இந்தப் படியின் முழுப் பயன்.

மூன்றாம் படி: கேட்புப் பதிவேட்டை உயிர்ப்பித்தல்

சொந்த வருவாய் குறைவு என்று புலம்பும் ஊராட்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு உண்மையான குறை, வரி விகிதத்தில் இருப்பதைக் காட்டிலும் கேட்புப் பதிவேடு எனப்படும் வரிப் பட்டியலில்தான் இருக்கிறது. நம் மாவட்டத்தின் குடியிருப்பு அமைப்பே அதற்கு ஒரு காரணம். வீடுகள் தெருத் தெருவாக அடுத்தடுத்து நிற்காமல், தென்னந்தோப்புக்குள்ளும் ரப்பர் விளைக்குள்ளும் சிதறி நிற்கின்றன. ஓட்டு வீடாகப் பதிவான ஒன்று, வளைகுடா நாட்டுச் சம்பாத்தியத்தில் மாடி வீடாக உயர்ந்திருக்கும். பதிவேட்டிலோ அது இன்னும் ஓட்டு வீடாகவே இருக்கும். உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதால் கேட்பு அறிவிப்பும் சென்று சேர்ந்திருக்காது.

செய்ய வேண்டியது கடினமானதன்று, ஆனால் பொறுமை தேவைப்படுவது. வார்டு வார்டாகக் கதவு எண் வரிசையில் நடந்து, ஒவ்வொரு கட்டடத்தின் பரப்பு, வகை, பயன்பாடு (குடியிருப்பா, கடையா, தங்கும் விடுதியா), மின் இணைப்பு உண்டா ஆகியவற்றை எழுத வேண்டும். அந்தப் பட்டியலை இருக்கும் வரிப் பதிவேட்டோடும், கட்டட அனுமதிக் கோப்புகளோடும், குடிநீர் இணைப்புப் பட்டியலோடும் ஒப்பிட வேண்டும். குடிநீர் இணைப்பு இருந்தும் வீட்டு வரிப் பட்டியலில் இல்லாத கதவு எண்கள்தான் முதல் அறுவடை. இவற்றுக்கு 1999-ஆம் ஆண்டின் வரி விதிப்பு மற்றும் வசூல் விதிகளின்படி முறையான அறிவிப்புக் கொடுத்து, ஆட்சேபணைக்குக் காலம் தந்து, அதன் பிறகே வரி விதிக்க வேண்டும். அறிவிப்பின்றிப் போட்ட வரி, மேல்முறையீட்டில் நிற்காது.

தொழில் வரியையும் இதே கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும். அரையாண்டு வருமானத்தைக் கொண்டு விதிக்கப்படும் இந்த வரி, அரசியலமைப்புச் சட்டத்தின் 276-ஆவது உறுப்பின்படி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஊராட்சி எல்லைக்குள் இயங்கும் பள்ளிகள், கல்லூரிகள், வங்கிக் கிளைகள், முந்திரித் தொழிற்கூடங்கள், மருத்துவமனைகள் ஆகியவற்றின் பட்டியலை ஒருமுறை தயாரித்துவிட்டால், ஒவ்வொரு அரையாண்டிலும் நிறுவனத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினாலே பெரும் தொகை வந்து சேரும். தனியார் கல்வி நிறுவனங்கள் நிறைந்த நம் மாவட்டத்தில் இது சிறிய வருவாய் அன்று.

அடுத்தது, கேட்பு (வர வேண்டிய வரி), வசூல், நிலுவை என்ற மூன்று எண்களையும் ஒழுங்காகப் படிக்கக் கற்றுக்கொள்வது. ஓர் ஊராட்சியின் நடப்பாண்டு வீட்டு வரிக் கேட்பு 8,00,000 ரூபாய், பழைய நிலுவை 5,00,000 ரூபாய், ஆண்டு முழுவதும் வசூலானது 7,80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வசூலை நடப்புக் கேட்போடு மட்டும் ஒப்பிட்டால் 97.5 விழுக்காடு என்று வரும், எல்லோரும் மகிழ்வார்கள். மொத்தக் கேட்பான 13,00,000 ரூபாயோடு ஒப்பிட்டால் அது 60 விழுக்காடுதான். வசூலில் 5,60,000 நடப்புக்கும் 2,20,000 நிலுவைக்கும் உரியது என்று பிரித்துப் பார்த்தால், நடப்பு வரியில் 30 விழுக்காடு இந்த ஆண்டே புதிய நிலுவையாக மாறியிருப்பது தெரியும். ஊராட்சியின் எதிர்காலத்தைச் சொல்லும் எண் அந்த 30 விழுக்காடுதான். அறிக்கைகளில் இந்தப் பிரிவினையைக் கட்டாயமாகக் கேட்டு வாங்க வேண்டும். இதே எடுத்துக்காட்டில், 7,80,000 ரூபாய் வீட்டு வரியோடு 78,000 ரூபாய் நூலக வரியும் வந்திருக்கும். அது செலுத்தப்பட்டதா என்பதற்கான சலான் எங்கே என்பது அடுத்த கேள்வி.

கிராம ஊராட்சி வரிகளை இணையவழியில் செலுத்தும் வசதியை மாநில அரசு ஏற்படுத்தியுள்ளது. வெளிநாட்டில் இருப்பவர்களும் அங்கிருந்தபடியே செலுத்த முடியும் என்பதால், நம் மாவட்டத்துக்கு இது மிகவும் ஏற்ற வழி. ஆனால் பட்டியலில் உள்ள பிழைகள் கணினியில் ஏறிய பிறகு திருத்தக் கடினமாகிவிடும். ஆகவே பட்டியலைச் சரிபார்த்த பின்னரே ஊர்முழுவதும் இணையவழிக்கு மாறுமாறு வலியுறுத்துவது முறை.

நான்காம் படி: மாதந்தோறும் வங்கியோடு ஒத்திசைவு

ஒரே ஒரு சீர்திருத்தத்துக்குத்தான் நேரமிருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள் என்றே சொல்வேன். ரொக்கப் பதிவேட்டின் இருப்பும் வங்கி அறிக்கையின் இருப்பும் எந்த மாத இறுதியிலும் அப்படியே ஒன்றாக இருப்பதில்லை. வேறுபாட்டுக்கு வரிக்கு வரி விளக்கம் இருக்கிறதா என்பதே கேள்வி.

ரொக்கப் பதிவேட்டில் 3,42,000 ரூபாய், வங்கியில் 3,91,500 ரூபாய் என்று கொள்வோம். வேறுபாடு 49,500. கொடுத்த காசோலைகளில் இன்னும் வங்கிக்கு வராதவை 61,000 ரூபாய். இது வங்கி இருப்பைக் கூட்டிக் காட்டும். வங்கியில் போட்டும் இன்னும் வரவு வைக்கப்படாத காசோலை 15,000 ரூபாய். இது குறைத்துக் காட்டும். வங்கி வரவு வைத்த வட்டி 4,000 ரூபாயும், பிடித்த கட்டணம் 500 ரூபாயும் நம் பதிவேட்டில் எழுதப்படவில்லை. 3,42,000 உடன் 61,000-ஐயும் 4,000-ஐயும் கூட்டி, 15,000-ஐயும் 500-ஐயும் கழித்தால் 3,91,500 வந்துவிடும். இப்படி முழுத் தொகைக்கும் விளக்கம் கிடைத்தால்தான் அந்த மாதக் கணக்கு முடிந்தது எனலாம். ‘சிறு வேறுபாடு, அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று தள்ளிய தொகைகளே நான்கைந்து ஆண்டுகள் கழித்து யாராலும் விளக்க முடியாத பெரும் தணிக்கைத் தடைகளாக, அதாவது தணிக்கையாளரின் ஆட்சேபணைகளாக, எழுந்து நிற்கின்றன.

இந்த ஒத்திசைவு அட்டவணையில் இரண்டு செய்திகளை மட்டும் கூர்ந்து பாருங்கள். மூன்று மாதங்களுக்கு மேல் வங்கிக்கு வராத காசோலை இருந்தால், அது யாருக்கு எழுதப்பட்டது, உண்மையில் கொடுக்கப்பட்டதா என்று கேட்க வேண்டும். ரசீதுப் புத்தகத்தின்படி வசூலான தொகைக்கும் வங்கியில் செலுத்தப்பட்ட தொகைக்கும் இடையே நாள் இடைவெளி நீண்டால், வசூலித்த பணம் அதுவரை எங்கே இருந்தது என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் பெற வேண்டும். இது யாரையும் சந்தேகிப்பதற்காகச் செய்யப்படுவதன்று; நேர்மையாக வேலை பார்க்கும் செயலருக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு வேறில்லை.

ஐந்தாம் படி: கைகளைப் பிரித்தல்

வரி வாங்குபவரும், ரசீது எழுதுபவரும், வங்கியில் போடுபவரும், ரொக்கப் பதிவேட்டை எழுதுபவரும், பட்டியல் தயாரிப்பவரும் ஒருவரே என்பதுதான் சிறு நிர்வாகத்தின் மிகப் பெரிய பலவீனம். பெரிய அலுவலகங்களில் ஐந்து மேசைகளுக்கிடையே பிரிந்து கிடக்கும் வேலை இங்கே ஒரே மேசையில் நடக்கிறது. கூடுதல் ஊழியர் கிடைப்பார் என்று காத்திருப்பதைவிட, இருக்கும் மனிதர்களைக் கொண்டே சரிபார்ப்பை அமைப்பது நடைமுறைக்கு ஏற்றது.

தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்தே பணம் வழங்கலுக்கு ஒப்புதல் தர வேண்டும் என்ற ஏற்பாடு நம் ஊராட்சி முறையில் நெடுங்காலமாக இருக்கிறது. அதன் பயன், இரண்டாவதாகக் கையெழுத்திடுபவர் ஆவணங்களைப் பார்த்த பிறகே கையெழுத்திடுவதில் அடங்கியிருக்கிறது. வெற்றுக் காசோலைகளில் முன்கூட்டியே கையெழுத்திட்டு வைப்பதும், எண்ணிம (டிஜிட்டல்) கையொப்பச் சாவியையும் கடவுச்சொல்லையும் மற்றொருவரிடம் ஒப்படைத்துவிடுவதும் அந்த ஏற்பாட்டையே அழித்துவிடும். சாவி எவருடைய பெயரில் உள்ளதோ அவருடைய கைவசமே இருக்க வேண்டும். இதில் எந்த விலக்கும் தரக் கூடாது.

அடுத்து, வார்டு உறுப்பினர்களில் இருவரை மாதந்தோறும் சுழற்சி முறையில் சரிபார்ப்போராக மன்றத் தீர்மானத்தின் வழியே நியமிக்கலாம். அவர்கள் செய்ய வேண்டியவை மூன்றே: ரசீதுப் புத்தகங்களின் தொடர் எண்களைப் பார்த்து விடுபட்டவை உண்டா என்று காண்பது, ஒத்திசைவு அட்டவணையை வங்கி அறிக்கையோடு ஒப்பிடுவது, அந்த மாதச் செலவுச் சீட்டுகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து நேரில் போய்ப் பார்ப்பது. பத்து தெருவிளக்கு மாற்றியதாகச் செலவுச் சீட்டு இருந்தால், அந்தப் பத்துக் கம்பங்களையும் போய்ப் பார்த்துவிட்டு வர ஒரு மாலைப் பொழுது போதும். பக்கத்து ஊராட்சியின் செயலரும் உங்கள் செயலரும் காலாண்டுக்கு ஒருமுறை ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்கும் ஏற்பாட்டை ஒன்றிய அளவில் பேசி அமைத்துக்கொள்வதும் நல்ல பயன் தரும். ஒரே தொழில் தெரிந்தவர்கள் என்பதால், வெளியாருக்குப் புலப்படாத நெருடல்கள் அவர்களுக்கு உடனே புலப்படும்.

ஆறாம் படி: நம்பத்தக்க வரவு செலவுத் திட்டம்

சென்ற ஆண்டின் எண்களோடு பத்து விழுக்காட்டைக் கூட்டி எழுதுவது வரவு செலவுத் திட்டம் ஆகாது. கடந்த மூன்று ஆண்டுகளில் உண்மையில் கைக்கு வந்த வரவை எடுத்து, அதில் எதை உறுதியாக எதிர்பார்க்கலாம் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். அதன் பின், தவிர்க்க இயலாத செலவுகளை எழுத வேண்டும்: தூய்மைப் பணியாளர்களுக்கும் தொட்டி இயக்குபவர்களுக்கும் ஊதியம், மின் கட்டணம், கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குச் செலுத்த வேண்டிய தொகை, மோட்டார் பழுது, குளோரின். மீதி இருந்தால்தான் புதிய பணி. பல ஊராட்சிகளில் இந்த வரிசை தலைகீழாகி, புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிறகு மின் கட்டண நிலுவை வளர்ந்துகொண்டே போகிறது.

ஒவ்வொரு புதிய சொத்தும் புதிய செலவைக் கொண்டுவருகிறது. மேல்நிலைத் தொட்டி ஒன்று கட்டும் முன், அதை இயக்குபவரின் ஊதியமும் மோட்டாரின் மின் கட்டணமும் ஆண்டுக்கு எவ்வளவு ஆகும், எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று தீர்மானத்திலேயே எழுத வேண்டும்.

பேரிடருக்கென ஒதுக்கீடு செய்வதை நம் மாவட்டத்தில் விருப்பத்துக்கு விட முடியாது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும், 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலும், 2021-ஆம் ஆண்டின் வெள்ளமும் நம் நினைவில் இருப்பவை. ஒக்கிக்குப் பின் முறிந்து கிடந்த மரங்களை அகற்றவும், மின்சாரம் இல்லாத நாட்களில் ஜெனரேட்டர் வைத்துத் தொட்டியில் நீரேற்றவும் உடனடிப் பணம் தேவைப்பட்டது. அரசின் நிவாரணம் பின்னர் வரும். முதல் மூன்று நாட்களுக்கு ஊராட்சியின் கைப்பணமே துணை. டோக்கெலாவ் போன்ற தீவுகள் இதே காரணத்தால் சேமநிதி அமைக்கின்றன. அங்கே 2004-இல் ஒரு பன்னாட்டு அறக்கட்டளை நிதி நிறுவப்பட்டது. நம் ஊராட்சிகளுக்கு அத்தகைய நிதியை அமைக்கும் வசதி இல்லையென்றாலும், சொந்த வருவாயில் ஒரு பகுதியைச் செலவிடாமல் இருப்பாகவே காத்து வைப்பது என்று மன்றம் தீர்மானிக்கலாம். ஜெனரேட்டர், மரம் அறுக்கும் இயந்திரம், தண்ணீர் லாரி ஆகியவற்றின் வாடகை விகிதத்தை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, அக்டோபர் தொடங்குவதற்குள், விலைப்புள்ளி பெற்று முடிவு செய்துவிட்டால், அவசரத்தில் கேட்ட விலையைக் கொடுக்கும் நிலை வராது.

ஏழாம் படி: பணிகளும் பட்டியல்களும்

பணிகளைப் பொறுத்தவரை விதிகள் ஏற்கெனவே விரிவாக உள்ளன. 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன் கீழ் 2000-ஆம் ஆண்டில் வந்த விதிகளும் ஊராட்சிகளுக்கும் பொருந்தும். மன்றத் தீர்மானம், மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, பணி உத்தரவு, அளவுப் புத்தகப் பதிவு, பட்டியல் (பில்) என்ற வரிசையில் எந்தத் தாளின் தேதியும் அதற்கு முந்தைய தாளின் தேதிக்கு முன்னால் இருக்கக் கூடாது. வேறெதையும் பார்க்க நேரமில்லாதவர் தேதிகளை மட்டும் பார்த்தால்கூடப் பாதிப் பிழைகள் வெளிப்பட்டுவிடும். பணி தொடங்கும் முன்பும், நடக்கும்போதும், முடிந்த பின்பும் ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்களைக் கோப்பில் வைக்க வேண்டும்.

எட்டாம் படி: கிராம சபையில் கணக்கை வாசித்தல்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. உள்ளாட்சி நாளான நவம்பர் 1, 1956-இல் நம் மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாளும் ஆகும். நிதியாண்டின் முதல் ஆறு மாதக் கணக்கை விரிவாக வைப்பதற்கு அதுவே மிகப் பொருத்தமான கூட்டம்.

கோவில் கொடை முடிந்ததும் வரிதாரர் கூடி வரவு செலவைப் பைசா வரை வாசித்துக் கேட்பதும், கடற்கரை ஊர்களில் பங்குப் பேரவை கூடி ஊர்க் கணக்கை விவாதிப்பதும் நம் மக்களுக்குப் பழக்கமானவை. பந்தல் செலவு ஏன் கூடியது, மேளக்காரருக்கு முன்பணம் யார் கொடுத்தது என்று அங்கே எழுந்து கேட்பவர்கள், ஊராட்சிக் கணக்கில் வாய் திறக்காமல் இருப்பதற்கு அக்கறையின்மை காரணமன்று. கணக்கு அவர்களுக்குப் புரியும் வடிவில் வைக்கப்படுவதில்லை. படிவம் 30 என்னும் வரவு செலவு அறிக்கையை வெறுமனே ஒட்டி வைத்துவிட்டால் போதாது. வார்டு வாரியாக எவ்வளவு வசூலானது, எவ்வளவு செலவானது, மின் கட்டணம் எவ்வளவு நிலுவை, முடியாத பணிகள் எவை என்று நான்கு பகுதிகளாகப் பிரித்து, எளிய பேச்சுத் தமிழில் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் கேள்விக்கு இடம் விட வேண்டும்.

கூட்டம் செல்லுபடியாவதற்குக் குறைந்தபட்ச வருகை மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 வரை 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். நம் மாவட்ட ஊராட்சிகள் மக்கள் நெருக்கம் மிக்கவை என்பதால், 200 அல்லது 300 பேரைத் திரட்டுவதற்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்ய வேண்டும். கேள்விகளையும் பதில்களையும் தீர்மானப் புத்தகத்தில் அன்றே எழுதிக் கையெழுத்துப் பெற வேண்டும். பதில் சொல்லப்படாத கேள்வி அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக வர வேண்டும்.

நேரில் வர இயலாதவர்களுக்காக, ஒன்றிய அரசு 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கிய இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஒவ்வொரு ஊராட்சியின் வளர்ச்சித் திட்டமும் நிதிக்குழு மானியச் செலவும் பதிவாகின்றன. தளத்தில் உள்ள எண்ணும் கிராம சபையில் வாசித்த எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுவது வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவராலும் செய்யக்கூடிய வேலை.

ஒன்பதாம் படி: தணிக்கைத் தடைகளைத் தீர்த்தலும் பொறுப்பு ஒப்படைப்பும்

தணிக்கை அறிக்கை வந்ததும் அதை அலமாரியில் வைத்துவிடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு தடைக்கும் எண், தொகை, காரணம், யார் பதில் தர வேண்டும், எந்த நாளுக்குள், என்ன ஆவணம் இணைக்கப்பட்டது என்று ஒரு பதிவேடு வைத்து, அதை மாதாந்திர மன்றக் கூட்டத்தின் நிலையான பொருளாக்க வேண்டும். ஆவணம் காணாமல் எழுந்த தடைகளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பலவற்றைச் செலவுச் சீட்டைத் தேடிக் கொடுத்தாலே முடித்துவிடலாம். வசூலிக்க வேண்டிய தொகையாகச் சுட்டப்பட்டவற்றைத் தனியாகப் பிரித்து, மாவட்ட ஊரக வளர்ச்சித் துறையின் உதவி இயக்குநர் அலுவலகத்தோடு எழுத்துமூலம் தொடர வேண்டும்.

பொறுப்பு மாறும் காலம் கணக்குக்கு மிகவும் ஆபத்தான காலம். நம் மாவட்டம் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிவடைந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. 2016 முதல் 2019 வரையிலும் அவ்வாறே இருந்தது. இப்படிக் கைமாறும் ஒவ்வொரு முறையும் முந்தையவர் அறிந்த செய்திகள் அவரோடு போய்விடுகின்றன. ஆகவே பொறுப்பேற்பவர் எவராயினும், முதல் படியில் சொன்ன வங்கிக் கணக்குப் பட்டியல், கடைசி மாத ஒத்திசைவு அட்டவணை, பயன்படுத்திய மற்றும் பயன்படுத்தாத ரசீது, காசோலைப் புத்தகங்களின் எண்கள், செலுத்தப்படாத பட்டியல்களும் மின் கட்டண நிலுவையும், பிறருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய தொகைகள், முடியாத பணிகளின் கோப்புகள், நிலுவைத் தணிக்கைத் தடைகள், சொத்துப் பதிவேடு ஆகியவற்றை இருதரப்புக் கையெழுத்தோடு எழுதிப் பெற்றுக்கொள்ள வேண்டும். அதில் ஒரு நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் மற்றொன்றை ஊராட்சி அலுவலகக் கோப்புக்கும் கொடுத்துவிட்டு, அடுத்து வரும் கிராம சபையில் அதை முதல் பொருளாக வைக்க வேண்டும்.